முள்ளம்பன்றியும் மடைப் பலகையும்

ஒரு காட்டில், அந்தக் காட்டைப் பேரூராட்சியாக உயர்த்திய பிறகு, வடிவு என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். உயர்த்தியதால் காடு ஓர் அங்குலம்கூட உயர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் புலிக்குப் பசித்தால் யாரையாவது தின்னும். இப்போது தீர்மானம் போட்டுவிட்டுத் தின்றது. மற்றபடி மேட்டில் இருந்தவர்கள் மேட்டிலும் பள்ளத்தில் இருந்தவர்கள் பள்ளத்திலும்தான் இருந்தார்கள். மேடு மேட்டு வார்டு ஆயிற்று, பள்ளம் பள்ளத்து வார்டு ஆயிற்று, அவ்வளவுதான்.

மேட்டு வார்டில் யானைகள் குளிக்கிற ஏரி ஒன்று உண்டு. பள்ளத்து வார்டில் இருந்தது ஒரு குட்டை. ஏரியிலிருந்து குட்டைக்கு வாய்க்கால் இருந்தது. வாய்க்காலின் தலைப்பில் மடை இருந்தது. மடையை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பலகை இருந்தது. பலகையைத் தூக்கினால் தண்ணீர் வரும். பலகையைத் தூக்க வேண்டுமானால் பேரூராட்சிக் கூட்டத்தில் பள்ளத்து வார்டு உறுப்பினர் கையைத் தூக்கிக் கேட்க வேண்டும்.

அந்த உறுப்பினர் நரி நாச்சிமுத்து. நரியைப் போய் மரியாதையாகச் சொல்கிறானே என்று முகம் சுளிக்காதீர்கள். பதவியில் இருப்பவரை வேறெப்படிச் சொல்வது? அவர் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. போவார், தட்டில் இருக்கும் வடையை எல்லாம் தின்பார், தூங்குவார், திரும்பி வருவார். வடை விஷயத்தில் அவர் வம்சமே அப்படித்தான்.

கோடையில் குட்டை வற்றும். போன கோடையில் அடியோடு வற்றிப் போனது. ஆமை அம்மாசியும் அவன் தம்பியும் எப்போதும்போல் சேற்றுக்குள் புதைந்துகொண்டு மழைக்குக் காத்திருந்தார்கள். மழை வந்தது. அம்மாசி மேலே வந்தான். தம்பி வரவில்லை. "கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கறதுக்கே அவனுக்கு ஒரு நாளாகும். மெதுவா வருவானுங்க" என்று அம்மாசி கரையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். மழைக்காலம் முடிகிற வரைக்கும் சொன்னான். அதைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்காமல் வடிவு ஒரு நாள் அவன் எதிரில் வந்து நின்றாள்.

"இந்தத் தேர்தல்ல நான் நிக்கப் போறேன்டா அம்மாசி. அந்தப் பலகையைத் தூக்காம விடமாட்டேன்" என்றாள்.

வேட்புமனு வாங்கும் அதிகாரி கொக்கு. விதி என்று வந்துவிட்டால் ஒற்றைக்காலில் நிற்பவர்.

"எந்தக் கட்சி?"

"சுயேச்சைங்க."

"கொள்கை ஏதாவது?"

வடிவு மூச்சுவிடாமல் சொன்னாள். பெரிய பிராணி, சின்னப் பிராணி என்று கிடையாது. வார்டு கூட்டத்தில் எறும்பும் எழுந்து பேசலாம். கட்டவுட் கிடையாது, பிரியாணி கிடையாது, பொன்னாடை கிடையாது. இரவில் விழித்திருக்கும் பிராணிகளுக்காக ஓட்டுப்பதிவை இரவிலும் நடத்த வேண்டும். வளை வளையாக, கூடு கூடாகப் போய் மக்களைக் கேட்டு, அவர்கள் சொல்வதைத்தான் செய்ய வேண்டும்.

கொக்கு தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மக்களைக் கேக்கறதா? அதுக்கு விதியில எடமிருக்கான்னு பாக்கோணும்" என்றவர், அவளுக்குப் பூட்டுச் சின்னத்தை ஒதுக்கினார். மடையைத் திறப்பதற்காக நிற்கிறவளுக்குப் பூட்டு. நாச்சிமுத்துவுக்கு ஏணி கிடைத்தது.

மறுநாளே வடிவு கிளம்பிவிட்டாள். முள்ளம்பன்றிக்குப் பகல்தான் தூங்கும் நேரம் என்பதால் வழியெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டே போனாள். வேட்பாளர் என்றால் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும். இவள் கையை நீட்டியதும் தாய்மார்கள் குட்டிகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பொன்னாடை வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஓர் உடும்பு ஆர்வக்கோளாறில் போர்த்திவிட்டது. ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அது நார்நாராகத் தொங்கியது.

முதலில் போனது காட்டுக்கோழி பூவாத்தா வீட்டுக்கு. பள்ளத்து வார்டில் பூவாத்தா எந்தப் பக்கம் கொக்கரிக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டு விழும்.

"ஏனம்மணி, ஓட்டுக் கேட்டு வந்தவங்க அத்தனை பேரும் வாயிலயே பந்தல் போட்டுட்டுப் போயிட்டாங்க. நீ மொதல்ல ஒண்ணாச்சும் செஞ்சு காட்டு. அப்புறம் ஓட்டைப் பத்திப் பேசலாம்" என்றது பூவாத்தா.

"என்னங்க செய்யோணும்?"

"கூரையைப் பாரு, வானம் தெரியுது."

நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் வேட்பாளர் கும்பிட்டு, "ஜெயிச்சதும் முதல் வேலை இதுதானுங்க தாயி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அரசியலில் பால்குடி மறக்காத குட்டிக்குக்கூட அது தெரியும். வடிவுக்குத் தெரியவில்லை. மேலே ஏறி, தன் முள் ஒன்றைப் பிடுங்கி ஊசியாக வைத்துக்கொண்டு, நாணலால் கூரையைத் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

செய்தி பரவியது. முயல்கள் தங்கள் வளை இடிந்துவிட்டது என்றன. தோண்டிக் கொடுத்தாள். வழியில் கள்ளி மண்டிக் கிடக்கிறது என்றார்கள். வெட்டிப் போட்டாள். அணில் நடத்தும் ரேஷன் கடையில் காட்டுப்பன்றி வரிசையில் நடுவில் புகுந்துவிடுகிறது என்று ஊரே அழுதது. வடிவு தினமும் போய் வரிசையின் நடுவில் சும்மா நின்றாள். அவளை இடித்துக்கொண்டு புக யாருக்குத் துணிச்சல் வரும்? காட்டுப்பன்றி ஒரு முறை முயன்று பார்த்துவிட்டு, மூக்கில் குத்திய முள்ளோடு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றது. அணிலே ஆச்சரியப்பட்டு அன்றைக்கு எடை சரியாகப் போட்டது.

நாச்சிமுத்து தம் கட்டவுட்டின் நிழலில் படுத்துக் கிடந்தார். யாராவது வந்து, "தலைவரே, மடைப் பலகை என்னாச்சுங்க?" என்று கேட்டால் ஒரு கண்ணைத் திறந்து, "பதவி இல்லாம நானென்னங்க பண்ணறது?" என்பார். பதவிக்காலம் முடிந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கேட்டவர்களும், "பாவம், அவரு என்னதான் பண்ணுவாரு" என்று உச்சுக்கொட்டிக்கொண்டு போனார்கள்.

ஓட்டு எண்ணிக்கை நடந்தது. கொக்கு தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார். பூட்டுச் சின்னத்துக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அதுவும் வடிவு தனக்குத்தானே போட்டுக்கொண்டது. முந்தின நாளே கிளம்பிய அம்மாசி வாக்குச்சாவடிக்கு வந்து சேர்ந்தபோது கதவைச் சாத்தியிருந்தார்கள். அவன் அங்கேயே தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அழுதான்.

வடிவு நேராகப் பூவாத்தாவிடம் போனாள். கோபத்தில் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. "நான் உங்களுக்கு என்ன கொறை வெச்சேனுங்க?" என்றாள். 

பூவாத்தா அவளை அன்பாகப் பார்த்தது. உண்மையான அன்பு, நடிப்பில்லை. "உம்மேல எங்களுக்கு என்னம்மணி கோவம்? நல்லா ரோசனை பண்ணித்தான் போட்டோம். நீ பதவி இல்லாமயே இத்தனையும் செய்யறே. அந்த நரி பதவி இல்லாட்டி ஒரு துரும்பைக்கூட நகத்தாது. பதவியை உனக்குக் குடுத்தா நீ ஒருத்திதான் செய்வே. அதுக்குக் குடுத்தா அதுவும் செய்யும், நீயும் எப்பவும்போலச் செய்வே. ஒரே ஓட்டுல எங்களுக்கு ரெண்டு ஆளு!" சொல்லிவிட்டு, "கூரை மூலையில மறுபடியும் கொஞ்சம் பிரிஞ்சிருக்கு, நாளைக்கு வந்தீன்னா பாத்துடலாம்" என்றது.

கணக்கு எங்கே தப்பு என்று வடிவு வீடு போய்ச் சேரும்வரை யோசித்தாள். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. மறுநாள் போய்க் கூரையையும் தைத்துக் கொடுத்தாள்.

கோடை வந்தது. நாச்சிமுத்து கூட்டத்துக்குப் போய்க் கையைத் தூக்கத்தான் செய்தார், இன்னொரு வடைக்காக. குட்டை சுருங்கியது. வார்டே திரண்டு வடிவின் வளைக்கு முன்னால் வந்து, "அக்கா, எல்லாத்தையும் செஞ்சீங்களே, இதையும் செஞ்சு குடுங்க" என்றது. அவள் மடைக்கு ஓடினாள். காவலுக்கு நின்ற யானை, "தீர்மானம் எங்கே?" என்றது. கெஞ்சிப் பார்த்தாள். பக்கத்தில் தோண்டிப் பார்த்தாள். உள்ளே முழுக்கப் பாறை. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

அம்மாசி சேற்றுக்குள் இறங்கிய அன்று வடிவு கரையில் நின்றாள். "அக்கா, மழை வந்ததும் என்னைத் தட்டி எழுப்பிருங்க. தம்பிய எழுப்பத்தான் ஆளில்லாமப் போச்சு" என்றான். 

மழை விழுந்ததும் அவள் பாய்ந்து போய்த் தோண்டினாள். ஓர் ஓடு தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். காலியாக இருந்தது. தம்பியுடையது. அதை மார்போடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடியும் தோண்டினாள். அதற்கு அடுத்தே அம்மாசி இருந்தான். பாதியாக இளைத்துப் போயிருந்தான், ஆனால் கழுத்து அசைந்தது. அவனைத் தூக்கிக் கரையில் போட்டபோதுதான் பூவாத்தா குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது.

"வடிவு, இந்த மழைக்குக் கூரை ஒழுகுதம்மணி."

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். "பதவி இல்லாம நானென்னங்க பண்ணறது?" என்றாள்.

பூவாத்தா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. அது விளையாட்டில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. வடிவு வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். பகலெல்லாம் தூங்கினாள். நல்ல தூக்கம், தேர்தலுக்கு முன்பு தூங்கிய மாதிரி. முயல்களின் வளை சரிந்தது. கள்ளி மறுபடியும் வழியை அடைத்தது. ரேஷன் கடையில் காட்டுப்பன்றி நடுவில் புகுந்தது மட்டுமல்ல, தன் மைத்துனனுக்கும் சேர்த்து இடம் பிடித்தது. அணிலின் தராசு பழைய குணத்துக்குத் திரும்பியது. யார் வந்து கூப்பிட்டாலும் வளைக்குள்ளிருந்து அதே பதில்தான்.

இதற்கிடையில் நாச்சிமுத்துவின் ஏணிச் சின்னம் வேலை செய்துவிட்டது. அவர் மாவட்டத்துக்கு ஏறிப்போனார். அங்கே வடையோடு கெட்டிச் சட்னியும் உண்டாம். பள்ளத்து வார்டுக்கு இடைத்தேர்தல் வந்தது.

வடிவு இந்த முறை ஒரு வீட்டுக்கும் போகவில்லை. தன் கட்டவுட்டின் நிழலில் படுத்துக் கிடந்தாள். ஆமாம், கட்டவுட்தான். வார்டு மக்கள் நடுங்கிப்போய் ஓர் ஓட்டையும் வீணாக்காமல் அவளுக்கே போட்டார்கள். அம்மாசி இம்முறை ஒரு வாரம் முன்பே கிளம்பி வந்து முதல் ஆளாகப் போட்டான்.

முதல் கூட்டத்திலேயே வடிவு கையைத் தூக்கினாள். தலைவர் யானை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "மடைப் பலகையா? தூக்கிக்கங்க. அதுக்கென்ன? இத்தனை காலமா ஒருத்தரும் கேக்கலியே."

அவ்வளவுதான் விஷயம். ஒரு கை தூக்கும் நேரம். மார்போடு வைத்திருந்த அந்தக் காலி ஓடு வடிவின் நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் அழக்கூடாது என்பதற்காக வடை ஒன்றை எடுத்துக் கடித்தாள். அது நன்றாகத்தான் இருந்தது.

பலகை தூக்கும் விழாவுக்கு மேளம் வந்தது. பொன்னாடை வந்தது, முள்ளில் படாமல் தூக்கிப் பிடிக்க இரண்டு உடும்புகளை நியமித்திருந்தார்கள். வடிவு கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பலகை கிரீச்சென்று ஏறியது. கீழே தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. கூட்டம் குதித்தது. அந்தச் சந்தோஷத்தில் பூவாத்தா இறக்கையை அடித்துக்கொண்டு கூவியது:

"அப்பாடா! பலகையும் தூக்கியாச்சு. இனிமே நமக்குக் கவுன்சிலர் எதுக்கு?"

வடிவின் கை நின்றது. பலகை பாதி உயரத்தில் இருந்தது. அவள் ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, முன்பு பூவாத்தாவின் கூரையைத் தைத்தது போன்ற நல்ல கெட்டி முள்ளாகப் பார்த்து, பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் ஆப்பாக அடித்துவிட்டாள். மேளத்தை நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னாள்.

குட்டையில் தண்ணீர் ஆமையின் முழங்கால் வரைக்கும் வந்து நின்றது. அம்மாசி அதில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா, பாதிதானே தூக்கியிருக்கு?"

"மீதி அடுத்த தேர்தலுக்குடா."

"கோடைக்குத் தாங்குமாக்கா?"

"நான் பதவியில இருந்தாத் தாங்கும்" என்று சொல்லிவிட்டு வடிவு பொன்னாடையைச் சரிசெய்துகொண்டாள்.

அம்மாசி தண்ணீரைப் பார்த்தான். தம்பி புதைந்து கிடந்த இடத்தைப் பார்த்தான். பிறகு கரையேறி, கொக்கின் அலுவலகம் இருக்கும் திசையில் நடக்க ஆரம்பித்தான்.

"எங்கடா போறே?" என்று வடிவு கத்தினாள்.

"வேட்புமனு குடுக்கறதுக்குங்க."

"அடுத்த தேர்தலுக்கு இன்னும் எத்தனையோ நாள் கெடக்குதுடா!"

"அதனாலதானுங்க இப்பவே கெளம்பறேன்" என்றான் அம்மாசி, திரும்பிப் பார்க்காமல்.

நீதி: நல்லவர்களைத் தேர்தலில் தோற்கடிக்காதீர்கள். பாடம் கற்றுக்கொண்டு அடுத்த முறை ஜெயித்துவிடுவார்கள்.