பனி உருகினால் மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

லாசால்,
தை மாதம், ஞாயிறு

மதிப்புக்குரிய கிருபானந்தன் அண்ணை அவர்களுக்கு,

அருளம்பலம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மனைவி நல்லம்மாவும் மகள் தாட்சாயினியும் நலம். என் கால்விரல்கள் பத்தும்கூட இப்போது நலம். பார்க் எக்ஸ்டென்ஷனில் உங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க முருகன் துணை. மெட்ரோ ஏறி வந்து நேரிலேயே சொல்லலாம்தான். மன்னிப்புக் கேட்பதும் நன்றி சொல்வதும் ஒன்றாக வந்துவிட்டதால் வாய் கூசுகிறது.

உங்கள் மகன் பிரணவனுக்கு என் மகளைக் கேட்டு நீங்கள் வந்தபோது, "பாத்துச் சொல்லுறன்" என்றேன். ஒரு வருடமாகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். பணக்காரர் பனிச்சறுக்கப் போகும் அந்த மலையூரில், ஆட்களை மேலே ஏற்றும் கம்பிவடக் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பையன்தான் பொறுப்பு என்றீர்கள். எனக்கு ஒரே கவலை. பனி உருகினால் என்ன வேலை? ஆறு மாதம் மாமன் வீட்டுச் சோறா? அதனால் காலத்துக்குக் காலம் நேரில் போய்ப் பார்த்தேன். சித்திரையில் மலை முழுக்கச் சேறு, "பாத்தியே, வேலை முடிஞ்சுது" என்று நல்லம்மாவிடம் சொல்லி வாய் மூடவில்லை, கம்பிவடத் தூண் உச்சியிலிருந்து கிறீஸ் பூசிய கையோடு பையன் "வாங்கோ மாமா" என்கிறான். ஆடியில் சனங்கள் சைக்கிளோடு மேலே போகிறார்கள், உருண்டு வருவதற்கென்றே! ஐப்பசியில் சிவந்த மேப்பிள் இலை பார்க்க வரிசை. பழுத்த இலைக்கு இவ்வளவு கூட்டமா என்று வியந்து, நல்லம்மாவும் தாட்சாயினியும் கடை பார்க்கப் போக, நான் தனியாக ஒன்பது தடவை ஏறி இறங்கினேன்.

நேற்றுத்தான் கடைசிப் பரிசோதனை. இவ்வளவு நாளும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் பெட்டியில் ஏறினேன். இந்தமுறை சப்பாத்து முழுக்கச் சேற்றுப்பனி, பெட்டியோ துடைத்துப் பளபளவென்று இருந்தது, திரும்பி வரும்போது போடலாம்தானே என்று வாசலிலேயே சோடியாக வைத்துவிட்டு ஏறிவிட்டேன். முன்பெல்லாம் இறங்காமலே திரும்பி வரலாம், பனிக்காலத்தில் மேலே எல்லோரும் இறங்கத்தான் வேண்டுமாம். பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகைக் குளிர், காலில் கம்பளி மேசு மட்டும். ஒரு வெள்ளைக்கார அம்மா என் காலுக்குத்தான் "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னா. அடுத்த பெட்டியில் சப்பாத்தோடு பிரணவன் வந்து, முழங்காலில் இருந்து போட்டுவிட்டு நாடாவும் கட்டினான்.

"என்ரை எண்டு எப்பிடித் தம்பி தெரியும்?"

"வேற ஆர் மாமா இவ்வளவு வடிவா அடுக்கி வச்சிட்டு ஏறுவினம்?"

பையன் சிரிக்கவில்லை, அண்ணை. என் பிள்ளையை இவன் கைவிட மாட்டான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. இப்படி ஒரு மகனை வளர்த்ததற்கும், ஒரு வருடம் முகம் சுளிக்காமல் காத்திருந்ததற்கும் உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! எனக்குப் பூரண சம்மதம். சித்திரையில் நாள் பாருங்கள். பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
சம்பந்தியாகப் போகிற,
அருளம்பலம்

பி.கு.: நல்லம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். அழுவா என்று பார்த்தால் சிரிக்கிறா. ஐப்பசியில் நான் ஏறி இறங்கிய நேரம், கீழே நகரசபை மண்டபத்தில் பிள்ளைகள் பதிவுத் திருமணம் முடித்துவிட்டார்களாம். "நீங்கள் பாத்து முடிக்க எங்களுக்கு வயசு போயிடும்" என்கிறா. ஒரு சாட்சிக் கையெழுத்து அவவுடையதாம். மற்றது உங்களுடையதாமே, அண்ணை! மேலே கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுக்கிறேன். நன்றி மட்டும் உங்களிடமே இருக்கட்டும்.