எல் போர்டு வேட்பாளரின் வீட்டுக்காரர்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும், அக்காவின் ரத்தக்கொதிப்பு இறங்கியிருக்கும், பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டு நடப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அவ்வாறே என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் முறை. எழுதக் கை வரவில்லை. உங்கள் தங்கை சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறாள்.

தாங்கள் இதைப் பேப்பரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் தாங்கள் வாங்குவது சிமெண்ட் கடைக்காரர் நடத்தும் பேப்பர், மூன்று தேர்தலாக இந்தத் தொகுதியைப் பிடித்து வைத்திருக்கும் அந்தச் சிமெண்ட் கடைக்காரரை எதிர்த்துத்தான் இவள் நிற்கிறாள். தொகுதியில் தாங்கள் இருக்கும் கோடிக்கு இவர்கள் பிரசாரமும் இன்னும் வந்து சேரவில்லை. முற்போக்கு அணி என்று சொல்லிக்கொண்டு நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள், என் நாற்காலியில் உட்கார்ந்து என் தேநீரைக் குடித்தார்கள், "நீங்கதான் நிக்கணும்"னு சொன்னார்கள், இவளும் கடைக்குப் போயிட்டு வரேன்ங்கிற மாதிரி சரின்னுட்டா. நிற்கட்டும், எனக்கென்ன. ஆனால் முதல் வாக்குறுதியே எல்லாருக்கும் இலவச பஸ், அதுவும் நடுராத்திரி வரைக்கும். மச்சான், நான் நடத்துவது டிரைவிங் ஸ்கூல். பஸ் சும்மா வந்து வாசலில் நின்றால் எவன் என்னிடம் வந்து கிளட்ச் மிதிக்கப் போகிறான்? "ஏம்மா, என் பிழைப்புல மண்ணள்ளிப் போடறியே"ன்னு கேட்டேன். உங்கள் தங்கைக்குத்தான் பஸ் கம்பெனியின் புகார் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து காது மரத்துப்போச்சே, பதறவே இல்லை. "நீங்க லாரி ஓட்டக் கத்துக்குடுத்தாவது பிழைச்சுக்குவீங்க. ஸ்டாப்புல நிக்கறவங்களுக்கு என்னங்க வழி?"ன்னுட்டு தலை பின்ன ஆரம்பிச்சுட்டா.

இது போதாதென்று பிரசாரத்துக்கு வண்டி வேண்டுமாம். அணியிடம் இருப்பது ஆர்வமும் ஒரு ஒலிபெருக்கியும்தான். ஆகவே என் ஸ்கூல் கார். தலையில் சிவப்பு எல் போர்டு போல்ட் போட்டு முறுக்கியது, கழற்ற வராது. அதைப் பார்த்துவிட்டு எதிரணிக்காரர்கள் "ஓட்டப் பழகும் வேட்பாளர்" என்று சுவருக்குச் சுவர் எழுதிவிட்டார்கள். சரி, மானம் போனதுன்னு இவளே விலகிக்குவான்னு நான் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் மார்க்கெட் முனையில மைக்கைப் பிடிச்சா. "ஆமாங்க, நான் கத்துக்கிட்டுதான் இருக்கேன். அதனாலதான் கண்ணாடியப் பாக்கறேன், பின்னாடி வர்றவங்களுக்கு வழி விடறேன். லைசென்ஸ் கிடைச்சாச்சுன்னு கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுறவர் யாருன்னு உங்களுக்கே தெரியும்"னா. விசில் பறக்குது. கண்ணாடியப் பாருங்கறது என்னோட முதல் நாள் பாடம், மச்சான், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இப்போ ஊர்ல பாதிப் பேர் சட்டையில சிவப்பு எல் குத்திக்கிட்டுத் திரியறாங்க, ஸ்கூல்ல இருந்த ஸ்பேர் போர்டு ஒண்ணு மிச்சமில்ல.

ஓட்டுவது உங்கள் தங்கை. பின் சீட்டில் அணியைச் சேர்ந்த தையல்கார அம்மா ஒருவர் ஒலிபெருக்கியில் முழங்குவார். பக்கத்துச் சீட்டில் நான், என் காலடியில் சொல்லிக்கொடுப்பவருக்கான தனி பிரேக். நான் வேணும்னு செய்யல, சத்தியமா. தையல்கார அம்மா "இலவச பஸ்"னு சொன்னதும் கால் தானா போய் அழுத்துது, ஆபத்துன்னா அழுத்திப் பழகின கால் அது. அப்படி அழுத்தினதுல வண்டி குலுங்கி, இஞ்சின் ஆஃப் ஆகி, நின்ன இடம் சிமெண்ட் கடைக்காரரோட தேர்தல் ஆபீஸ் வாசல். அவர் படியில நின்னு பத்திரிகைக்காரங்களுக்குப் பேட்டி குடுத்துக்கிட்டிருக்கார். வண்டி திரும்பக் கிளம்ப மாட்டேங்குது. நான் சீட்டுக்கடியில போயிடலாமான்னு பாக்கறேன். இவ இறங்கி, கும்பிட்டு, "அண்ணே, வண்டி நின்னுபோச்சு, கொஞ்சம் தள்ளிவிடுங்களேன்"னா. மனுஷனுக்குக் கேமராவைப் பார்த்தா கை சும்மா இருக்காது, சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு வந்து தள்ளிட்டார். தள்ளி முடிச்ச பிறகுதான் தலையில இருந்த போர்டைப் பார்த்தார். மறுநாள் எல்லாப் பேப்பர்லயும் அந்தப் படம்தான், உங்க பேப்பரைத் தவிர.

அதுக்கப்புறம் என்னை வீடு வீடா ஓட்டுக் கேக்க அனுப்பிட்டாங்க, கால் பிரேக்குக்கு எட்டாத இடமாப் பார்த்து. ஒரு மாடி வீட்டுல கதவைத் திறந்தது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, என்கிட்ட கத்துக்கிட்டு முதல் டெஸ்ட்லயே பாஸ் பண்ண பொண்ணு. "வண்டி எப்படிம்மா ஓடுது?"ன்னேன். "வண்டி எங்க சார் இருக்கு, லைசென்ஸ்தான் இருக்கு, பீரோல. ஷிஃப்ட் முடியறப்ப பஸ் கிடையாது, நடந்துதான் வரேன். நீங்க சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் ரோட்டைக் கடக்கறேன்"னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. பீரோவுல தூங்கற லைசென்ஸ் இன்னும் எத்தனை குடுத்திருப்பேனோன்னு நினைச்சுக்கிட்டு படியிலயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். அது இருக்கட்டும், அது இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

விஷயத்துக்கு வருகிறேன். மனுவைத் திரும்பப் பெற வெள்ளிக்கிழமை கடைசி நாள். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் ஒரு அதட்டல் போட்டு, மனுவை வாபஸ் வாங்க வைக்க வேண்டும். ஜெயித்தால் என் ஸ்கூலை மூட வேண்டியதுதான். தோற்றால் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியாது, அது ஸ்கூலை மூடுவதைவிடக் கஷ்டம். தங்களுக்கு நான் செய்த உதவியை நினைத்துப் பாருங்கள். டெஸ்ட் அன்றைக்குத் தாங்கள் பரிசோதகரின் ஸ்கூட்டர் மேலேயே காரை ஏற்றியதையும், இன்றுவரை லைசென்ஸ் இல்லாமல்தான் ஓட்டிக்கொண்டிருப்பதையும் அக்காவுக்குக்கூடத் தெரியாமல் காப்பாற்றி வருகிறேன். என் உயிரே போனாலும் அது வெளியே வராது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, சீட் பெல்ட் மறக்காமல், நீண்ட காலம் நலமாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் உதவியை எதிர்பார்த்து நிற்கும்,
தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: மச்சான், இந்தப் பி.கு. மட்டும்தான் என் கையெழுத்து. மேலே இருக்கறது எல்லாம் அச்சு, கவனிச்சிருப்பீங்க. கவர்ல போடறதுக்குள்ள உங்க தங்கை படிச்சுட்டா. திட்டுவான்னு பார்த்தேன், வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. நர்ஸ் வர்ற இடத்துல மட்டும் சிரிப்பை நிறுத்திட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம், "நோட்டீஸுக்கு என்ன எழுதறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தோமே, இந்தா இருக்கு"ன்னு எடுத்துக்கிட்டுப் போய் அச்சடிச்சு, தொகுதி முழுக்க வீட்டுக்கு வீடு போட்டாச்சு, உங்க தெரு உட்பட. அந்த ஸ்கூட்டர் விஷயத்தையாவது எடுத்துடும்மான்னு கெஞ்சிப் பார்த்தேன். "எங்கண்ணனுக்கும் பஸ்தான் வேணும்னு ஊருக்குத் தெரியட்டும்"னுட்டா. அக்கா என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க, இல்ல, எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை வராதீங்க. ஓட்டுப் போடற அன்னைக்கு வாங்க, பஸ்ஸுல. நேத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு என் பக்கத்து பிரேக்கைக் கழட்டச் சொல்லிட்டேன். இப்போ அவ ஓட்டறா, நான் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கேன். பயமாத்தான் இருக்கு.