டை கட்டிய சிங்கம்

என் உடம்பில் உயிர் இருக்கும்வரை அந்த சோபா இந்த வீட்டு வாசலைத் தாண்டாது என்று நான் சபதம் செய்தேன். சத்தம் போட்டெல்லாம் செய்யவில்லை. குளியலறைக்குள் போய், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுச் செய்தேன். என்னுடைய சபதங்கள் எல்லாமே அங்கேதான் நடப்பது வழக்கம். வெளியே வரும்போது தலை நனைந்திருந்தால் மனைவிக்குச் சந்தேகம் வராது.

சோபா என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒருத்தர் மட்டும் உட்காரும் ஒற்றை சோபா. கல்யாணத்துக்கு முன்னால் பழைய சாமான் கடையில் நானே பார்த்து, நானே பேரம் பேசி, நானே தலையில் தூக்கிக்கொண்டு வந்தது. என் வாழ்க்கையில் நானாக எடுத்த கடைசி முடிவு அதுதான். அப்புறம் கல்யாணம் ஆகிவிட்டது.

அதில் உட்கார ஒரு வித்தை உண்டு. இடது பக்கம் சாய்ந்து, மூச்சைப் பிடித்து, மெதுவாக இறங்க வேண்டும். வலது பக்கம் ஒரு ஸ்பிரிங் தலையை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். என் சகலை இது தெரியாமல் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தும்விட்டார். அவருடைய புது பேன்ட்டில் பாதி மட்டும் எழவில்லை. எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. என் மனைவிக்குத்தான் அக்கா முகத்தில் முழிக்க முடியவில்லையாம். அன்றிலிருந்து சோபாவுக்கும் அவளுக்கும் ஆகாது.

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"யோசிச்சுச் சொல்றேன்."

அந்த யோசனைக்கு ஒரு வாரம் எனக்குக் காபி கிடைக்கவில்லை.

இப்போது பள்ளிக்கூட லீவு. லீவு விட்ட அன்றைக்கே என்னிடம் வந்து நின்றாள். "என்னங்க, ஸ்கூல்ல கதை படிக்கிற மூலைன்னு ஒண்ணு வைக்கிறாங்களாம். பசங்களும் அப்பா அம்மாவும் சேர்ந்து பழைய சாமான்ல ஏதாவது செஞ்சு கொண்டு வரணுமாம். கொஞ்சம் அவங்களோட உக்காருங்களேன்."

"உக்கார்ந்துதானே இருக்கேன்?" என்றேன், சோபாவிலிருந்தபடியே.

"அவங்களோட உக்காரச் சொன்னேன்."

"எனக்கு ஏது நேரம்? இதுலேர்ந்து எழுந்திருக்கவே எனக்குக் கால் மணி ஆகுது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். என் மனைவி அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டுப் போனபோதே நான் பயந்திருக்க வேண்டும். பேப்பர் படித்தேன்.

மறுநாள் சாயங்காலம் அடுக்களையில் அவள் போன் பேசுவது கேட்டது. சாதாரணமாக அடுக்களையில் பேசுவது ஹாலுக்குக் கேட்காது. அன்றைக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆமாங்க, பழைய சோபாதான்... அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டியோட வந்துடுங்க... அவரா? அவரைக் கேட்டா எடுக்க முடியும்? அவர் பாத்ரூம்ல இருக்கிறப்போ தூக்கிட வேண்டியதுதான்."

என் சபத அறையையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டாளே! நேராக அங்கேதான் போனேன். குழாயைத் திறந்தேன். முதலில் சொன்னேனே அந்தச் சபதம், அது இங்கேதான் நடந்தது.

சபதம் செய்தாகிவிட்டது, வழி வேண்டாமா? தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கதவு இடுக்கில் கேக் இருந்தது. ஆகா, என்றேன்.

கேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகள் கையால் செய்ததை எதையும் தூக்கிப் போட மாட்டாள். ஃப்ரிட்ஜ் மேல் ஐந்து கால் களிமண் யானை நிற்கிறது. ஐந்தாவது தும்பிக்கை என்கிறார்கள், ஆனால் அது பின்பக்கம் இருக்கிறது. போன லீவில் பிள்ளைகள் முதன்முதலாக ஒரு கேக் செய்தார்கள். கத்தி வளைந்தது, கேக் வளையவில்லை. அதையும் அவள் தூக்கிப் போடவில்லை. காற்றில் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறாள். எறும்புகள் வந்து பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போகின்றன.

பிள்ளைகள் செய்ததை எறிய மாட்டாள். அப்படியானால் சோபாவையும் பிள்ளைகள் செய்ததாக ஆக்கிவிட்டால்? நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவன். ஊரார் பொருளுக்கெல்லாம் பாதுகாப்பு எழுதுகிறேன், என் சோபாவுக்கு எழுத மாட்டேனா? ஆபீஸுக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டேன்.

பெரியவளுக்கு வீட்டில் மேஸ்திரி என்று பெயர். தான் ஒரு துரும்பை நகர்த்த மாட்டாள், ஊரையே வேலை வாங்குவாள். யார் ஜாடை என்று நான் சொல்லப் போவதில்லை. சின்னவன் வாண்டு. அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பசையை நக்கிப் பார்ப்பான்.

"பசங்களா, நம்ம சோபாவை அழகு பண்ணலாமா? சும்மா ரெண்டு பூ வரைஞ்சு விடுங்க. கைப்பிடியில ஒண்ணு, முதுகுல ஒண்ணு."

"பூவெல்லாம் வேண்டாம். சிங்கம் பண்ணலாம்" என்றாள் மேஸ்திரி.

"சிங்கம்!" என்றான் வாண்டு, அதே நொடியில்.

எலியும் பூனையுமாக இருக்கிற பிள்ளைகள் ஒரே குரலில் பேசுகிறார்களே என்று நான் பூரித்துப் போனேன். பூரித்த நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சரி, சிங்கம். ஆரம்பித்தோம் பாருங்கள்! அட்டைப் பெட்டியை வெட்டி முகம். மைதாவைக் காய்ச்சிப் பசை. சோபாவின் கைப்பிடிகள் முன்னங்கால்கள். உட்காரும் இடம் வாய். ஜாடி மூடிகள் கண்கள். நான் அட்டையைப் பிடிக்க, மேஸ்திரி அதட்ட, வாண்டு பசையைப் பாதி ஒட்டி, பாதி தின்ன, ஹால் முழுக்கத் துண்டும் துணுக்கும். என் கைக்குள் இவ்வளவு வித்தை இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம்.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். "என்னங்க இது, வீடா குப்பைத் தொட்டியா?"

"கலை வளருது. தள்ளி நில்லு."

"அந்த சோபாவை எதுக்கு இப்போ..."

"பசங்க ஆசைப்படறாங்கம்மா. பச்சைப் பிள்ளைங்க மனசை உடைக்கச் சொல்றியா?"

அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போனாள். தோற்றவர்கள் விடுகிற பெருமூச்சு என்று நினைத்தேன்.

அடுத்தது பிடரி. கம்பளி நூலை ஒட்டிப் பார்த்தோம், சிங்கம் நனைந்த ஆடு மாதிரி ஆகிவிட்டது. மேஸ்திரி நேராகப் போய் என் அலமாரியைத் திறந்தாள்.

"ஐயோ, என் டை!"

என் டைகள் கல்யாணத்துக்கு முந்தினவை. ஒவ்வொன்றும் துண்டு அகலம். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், புள்ளி, கட்டம், வட்டம். நான் அவற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் என் மனைவி பத்தடி பின்னால் தள்ளி நடப்பாள்.

"ஒண்ணே ஒண்ணுப்பா. சும்மா ஒட்டிப் பார்க்கலாம்."

ஒன்றைக் கொடுத்தேன். மனசு அடித்துக்கொண்டது. முகத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தோம். அட! அட அட! என்ன கம்பீரம்! "இன்னொண்ணு எடு!" என்று கத்தியது நான்தான். "அந்தப் புள்ளி டை! கீழே கட்டம் போட்டது! எல்லாத்தையும் கொண்டா!" அலமாரி காலியான பிறகுதான் எனக்கு மூச்சு வாங்கியது.

நீட்டிக்கொண்டிருந்த ஸ்பிரிங்கை என்ன செய்வது? என் சிவப்புக் காலுறையில் பஞ்சை அடைத்து அதற்கு மாட்டினாள் மேஸ்திரி. நாக்கு! தொட்டால் துள்ளுகிறது! நாங்கள் மூன்று பேரும் கைகொட்டிக் குதித்ததில் யானையின் ஐந்தாவது கால் கீழே விழுந்தது.

பற்களுக்கு மைதாவும் உப்பும் தண்ணீரும் பிசைந்து, கூர்கூராக உருட்டி, ஓவனில் வைத்தோம். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். பார்த்த சுவாரஸ்யத்தில் அணைக்க மறந்துவிட்டோம். புகை மாடிக்குப் போய், மாடி வீட்டுப் பல் டாக்டர் தடதடவென்று இறங்கி வந்தார்.

"என்ன சார், ஏதாவது எரியுதா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். பல்லு வேகுது."

"யாரோடது?"

"சிங்கத்தோடது."

அவர் ஒரு பல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கரியாக இருந்தது. "என்கிட்ட வர்றவங்க பல்லே தேவலை சார்."

"எல்லாத்தையும் பிடுங்கணுமா டாக்டர்?" என்றான் வாண்டு, அழுகிற குரலில்.

"வேண்டாம்ப்பா. வெள்ளை பெயிண்ட் அடிச்சுடு. நானும் அதைத்தான் பண்றேன், பேரு மட்டும் வேற சொல்லுவேன்."

வெள்ளை அடித்தோம். பற்கள் பளபளத்தன. கடைசி நாள் உடம்புக்கு மஞ்சள் பெயிண்ட். தூரிகை வேண்டாம், கைதான் வேண்டும் என்றாள் மேஸ்திரி. இரண்டு பேரும் உள்ளங்கையைப் பெயிண்ட்டில் முக்கி, சோபா முழுக்கப் பதித்தார்கள். நான் குனிந்து வாலை ஆணியடித்துக்கொண்டிருந்தேன். முதுகில் சில்லென்றது. இரண்டு குட்டிக் கைகள்.

"அப்பாவும் சிங்கம்!"

வேறு சமயமாக இருந்தால் சட்டை போச்சே என்று கத்தியிருப்பேன். அன்றைக்குக் கத்தவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வாரம் நான் சோபாவில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. அது எனக்கு நினைவுக்கே வரவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

"ஆமா, இனிமே நான் எங்கே உக்கார்றது?"

"சிங்கத்து வாயில யாராவது பெரியவங்க உக்காருவாங்களா?" என்றாள் மேஸ்திரி.

போகட்டும், ஞாயிற்றுக்கிழமை தாண்டட்டும், பல்லை மட்டும் நைசாகக் கழற்றிக்கொள்ளலாம் என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மஞ்சள் கைகள் பதிந்த அதே சட்டையை வீரப்பதக்கம் போலப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பாத்ரூம் பக்கமே போகவில்லை. பழைய சாமான்காரர் மூன்று சக்கர வண்டியோடு வந்தார். நான் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தேன்.

"ஐயா, வீணா அலைஞ்சுட்டீங்க! இந்த சோபா இப்போ எங்க வீட்டுப் பசங்க செஞ்சது. பசங்க செஞ்சதை இந்த வீட்டுல தூக்கிப் போட மாட்டோம். வேணும்னா அவளையே கேளுங்க!"

"ஆமாங்க" என்றாள் மனைவி, பின்னால் வந்து நின்று. "எப்படித் தூக்கிப் போடறது?"

ஆகா! கல்யாணம் ஆனதிலிருந்து என் பேச்சுக்கு அவள் சொல்லி நான் கேட்டறியாத சொல் அந்த 'ஆமாங்க'. எனக்கு இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது.

பழைய சாமான்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சோபாவா? அதை நான் எப்பவோ வேண்டாம்னுட்டேனே சார்! அம்மா ஓசியில தர்றேன்னாங்க. வண்டிக்கு மரியாதை போயிடும்னு சொல்லிட்டேன்."

"பின்னே இப்போ எதுக்கு வந்தீங்க?"

"சிங்கத்தை ஏத்தத்தான். ஸ்கூலுக்கு. லீவு விட்ட அன்னிக்கே அம்மா சொல்லிட்டாங்களே, இந்த ஞாயித்துக்கிழமை சிங்கம் ஒண்ணு போகும், வண்டி வேணும்னு."

லீவு விட்ட அன்றைக்கே! அன்றைக்கு எனக்கு ஒரு பூவைப் பற்றிய யோசனைகூடக் கிடையாது. நான் மெதுவாகத் திரும்பினேன். மேஸ்திரி கூரையைப் பார்த்தாள். வாண்டு தன் காலைப் பார்த்தான்.

"அப்போ அன்னிக்குப் போன்ல யார்கிட்ட பேசினே?"

"யார்கிட்டயும் இல்லீங்க. போன்ல சார்ஜே இல்ல."

"அவ்வளவும்..."

"உக்காருங்கன்னு கேட்டேன், நேரமில்லைன்னீங்க. உங்க சோபாவுக்கு ஆபத்துன்னா நேரம் வந்துடும்னு தெரியும். கதவு இடுக்குல கேக்கைப் பார்த்தா வழியும் வந்துடும்னு தெரியும்."

"அதுக்காக என் சோபாவை..."

"அப்பா!" வாண்டு என் காலைக் கட்டிக்கொண்டான். "ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லுவேன், எங்கப்பா செஞ்சதுன்னு! வாயில உக்கார்ந்து எல்லாரும் கதை படிப்பாங்க!"

"வேற யாரோட அப்பாவும் இவ்வளவு பெருசாப் பண்ணலப்பா. நான் விசாரிச்சுட்டேன்" என்றாள் மேஸ்திரி.

நான் குனிந்து முன்னங்காலைப் பிடித்தேன். பழைய சாமான்காரர் பின்னங்காலைப் பிடித்தார். என் உடம்பில் உயிர் இருக்கும்போதே, என் கையாலேயே, சோபா வாசலைத் தாண்டியது. வண்டி தெருவில் ஆடி ஆடிப் போனது. நாக்கு துள்ளியது. டைகள் எல்லாம் காற்றில் பறந்தன. பல் டாக்டர் மாடியிலிருந்து கைதட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் கைதட்டத் தோன்றியது.

உள்ளே வந்தேன். சோபா இருந்த இடம் காலியாக, பளிச்சென்று கிடந்தது. உட்கார இடமில்லாமல் நடு ஹாலில் நின்றேன்.

"சோபா போச்சு, டை போச்சு, காலுறை போச்சு" என்றேன். "இந்த வீட்டுல பழைய சாமான்னு பாக்கி இருக்கிறது நான் ஒருத்தன்தான். என்னையும் அந்த வண்டியிலேயே ஏத்தி விட்டிருக்க வேண்டியதுதானே?"

மனைவி என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து முதுகைப் பார்த்தாள்.

"ஏத்தியிருப்பேங்க. பசங்க கை வெச்சிருக்காங்களே, எப்படித் தூக்கிப் போடறது?"