குளிர்ச்சிக்கு ஒரு டயர்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படுவதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. பல்லி, லிஃப்ட், தெரியாத நம்பரிலிருந்து வரும் போன் என்று என் பயங்களுக்குப் பஞ்சமே இல்லை. அத்தனைக்கும் ராஜா, டயர் வெடித்துவிடுமோ என்ற பயம். ஒருமுறை விராலிமலைப் பக்கம் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் போன லாரியின் டயர் வெடித்ததைப் பார்த்தேன். (பார்த்தேன் என்பது பொய். சத்தம் கேட்டதுமே கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன்.)

இப்படிப்பட்டவனிடம்தான் என் மச்சான் தன் காரை ஒப்படைத்திருந்தார். மச்சான் என்றால் என் மனைவி சுமதியின் அண்ணன். கனடாவில் இருக்கிறார். சீக்கிரமே ஊரோடு வந்துவிடப் போவதாகச் சொல்லி, அதற்கு முன்னோட்டமாக ஒரு பெரிய ஸ்போர்ட்ஸ் எஸ்யூவியை வாங்கி, ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டின் கீழே நிறுத்திவிட்டுப் போனார். ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அது உறுமும். தொடாதபோதும் உறுமுவதாக எனக்குத் தோன்றும். வாரத்துக்கு ஒருமுறை அதை அம்மா மண்டபம் வரை ஓட்டிப் போய்த் திரும்புவது என் கடமை. அப்போது சைக்கிள்காரர்கள் என்னை முந்திக்கொண்டு போவார்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம் மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, அடுத்த வாரம் வரேன். டயர் நாலும் பழசாயிருக்கும், மாத்திடுங்க. ரொம்ப வேகமான வண்டி அது, பாத்து வாங்கணும். உங்களுக்குத் தெரியும்ல?"

"அதெல்லாம் தெரியும் மச்சான்."

எனக்கு டயர் வட்டமாக இருக்கும் என்பது மட்டும் தெரியும். ஆனால் மச்சானிடம் தெரியாது என்று சொல்லவும் பயம்.

இரண்டு நாள் போனில் டயர்களைப் பற்றிப் படித்தேன். எதைப் படித்தாலும் கடைசியில் வெடிப்பதில் வந்து நின்றது. வெளியே திருச்சி வெயில். மாடியில் காயப்போட்ட துணி பத்து நிமிடத்தில் அப்பளமாகிக்கொண்டிருந்தது. இந்தச் சூட்டில், இவ்வளவு வேகமான வண்டியில், ஒரு டயர் என்ன பாடு படும்? எனக்கு வேண்டியது சூடே ஆகாத டயர். அவ்வளவுதான்.

பால்பண்ணைப் பக்கம் ஒரு டயர் கடைக்குக் காரை ஓட்டிப் போனேன். கடைக்காரர் பாய், நிதானமான மனிதர். இந்த அளவுக்கு இரண்டு செட்தான் இருக்கிறது என்று இரண்டையும் உருட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

முதலாவது வழவழவென்று இருந்தது. நாலே நாலு கோடு. பார்த்ததுமே ஓர் எட்டு பின்னால் நகர்ந்துவிட்டேன். இரண்டாவதில் ஆழ ஆழமாக வெட்டு, ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் சீப்புப் பல் மாதிரி மெல்லிய கீறல்கள். (காற்று போய் வர வழி விட்டிருக்கிறார்கள் என்று உடனே புரிந்துகொண்டேன்.) பக்கவாட்டில் சின்னதாக ஒரு மலைப் படம், அதற்குள் ஒரு பூ.

"இது என்ன டயர் பாய்?"

"அது வேற சார். ஒருத்தரு லடாக் போறேன்னு சொல்லி வரவழைச்சாரு, அப்புறம் போகலை. குளிர்ச்சிக்குன்னு வர்ற டயர் அது."

குளிர்ச்சிக்கு! நுங்கு குளிர்ச்சிக்கு, நீர்மோர் குளிர்ச்சிக்கு, வெந்தயம் குளிர்ச்சிக்கு. டயரிலும் ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால் விஞ்ஞானத்தை என்னவென்று சொல்வது!

"இதையே போடுங்க பாய்."

"இல்ல சார், நம்ம ஊருக்கு இது..."

"நம்ம ஊருக்குத்தான் பாய் இது வேணும்! வெளிய நின்னு பாருங்க, என்ன வெயில்னு!"

"நான் என்ன சொல்றேன்னா சார்..."

"மாட்டுங்க பாய். வெடிச்சா நீங்களா வருவீங்க?"

பாய் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மாட்டச் சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

வீட்டில் சுமதி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் நசுக்கினேன். அன்று ராத்திரி பல வருடங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

மச்சான் வந்து இறங்கியது உச்சி வெயிலில். ஏர்போர்ட் வாசலிலேயே சாவியை வாங்கிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில், சுமதி பின்னால். பைபாஸில் ஏறியதும் வண்டி அவர் குரலைக் கேட்ட நாய்க்குட்டி மாதிரி பாய்ந்தது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள, வண்டி என்னமோ கொழகொழன்னு போகுதே?"

"புது டயர்ல மச்சான், பழகணும்."

ரப்பர் வாசனை வந்தது. புதுசு என்றால் வாசனை வரத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் ஏறினோம். முன்னால் போன டவுன் பஸ், யாரோ கையைக் காட்டினார்கள் என்று, நட்ட நடுப் பாலத்தில் சட்டென்று நின்றது.

மச்சான் பிரேக்கை மிதித்தார். வண்டி கிறீச்சிட்டது. ஆனால் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போனது. பஸ்ஸின் பின்பக்கம் எங்கள் முன்கண்ணாடி முழுக்க நிறைந்தது. என் பயங்களில் எதுவுமே உண்மையில் பயமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பின்சீட்டில் சுமதி, "என்னங்க" என்று கூப்பிட்டாள். அலறவில்லை, கூப்பிட்டாள். அந்தக் குரலுக்கு என்னால் திரும்பக்கூட முடியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்காக இல்லாமல் இன்னொருவருக்காகப் பயந்தேன்.

ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. பஸ் எதுவும் தெரியாமல் ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மச்சான் ஓரங்கட்டி, இறங்கி, முன்டயர் அருகில் குந்தினார். விரலால் அழுத்தினார். மலைப் படத்தைத் தடவிப் பார்த்தார். "ஏதோ பூப் படம் மச்சான்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கி மடமடவென்று குடித்தார்.

"மாப்ள, அது பூ இல்ல. பனி. இது பனியில ஓட்டுற டயர். வெயில்பட்டா இளகிடும், பிரேக் பிடிக்காது. கனடால கோடை வந்ததும் நான் முதல் வேலையா இதைத்தான் கழட்டுவேன். இதை யார் போடச் சொன்னா?"

"குளிர்ச்சிக்குன்னு..." என்றேன்.

மச்சான் திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ பாலத்தின் கொதிக்கிற கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சுமதி சிரிக்கவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வீடு வரும்வரை அதை விடவே இல்லை. வீட்டுக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனோம். அந்த வேகம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் பாய் கடையில் வழவழ டயரை மாட்டினார்கள். "நான் சொல்ல வந்தேன் சார், நீங்கதான் விடலை" என்றார் பாய். என் தரப்பில் சொல்வதற்கு ஒன்றே ஒன்று இருந்தது: டயர் வெடிக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதையும் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. போன மாதம் சின்னக்கடைத் தெருவில் செருப்பு வாங்கப் போனோம். ஒரு ஜோடியைக் காலில் போட்டு, நாலு எட்டு நடந்து, திருப்தியாகத் தலையாட்டினேன். சுமதி அதைக் கழற்றச் சொல்லி வாங்கி, கடைக்காரரிடம் நீட்டி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள்.

"இது நம்ம ஊர்ல நடக்கறதுக்குதானே?"

கடைக்காரர் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, சார் வெளியூருங்களா?" என்றார்.