பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு ஜோடி

"சார், இதையும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று ஒருவர் மேசைமேல் துணிப்பையை வைத்துவிட்டுக் கோயிலைப் பார்த்து நடந்தார். அதிகாரி ஞானசேகரன் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

கலப்படம், எடைக்குறைவு, காலாவதி மாத்திரை இவற்றிலிருந்து மக்களைக் காக்கும் சட்டங்களை அமல்படுத்த, 2011இல் அரசு புதிதாகத் தொடங்கிய அலுவலகம் அது. சிதம்பரம் கீழ வீதியில் இடம் கிடைத்தது. பெயர்ப்பலகைத் தகரம்தான் ஓரடி குறைந்தது. பெயிண்டர் 'சட்ட அமலாக்க' என்பதை விட்டுவிட்டு, 'பொதுமக்கள் பாதுகாப்பு அலுவலகம்' என்று எழுதி முடித்தார். ஆனித் திருமஞ்சனத்துக்கு வந்த கூட்டம் அதைச் சரியாகவே படித்தது.

திறந்து மூன்று மாதமாகியும் ஒரு புகார் வரவில்லை. ஊர் அவ்வளவு ஒழுங்கு. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வழக்காவது பதிவாகாவிட்டால் அலுவலகத்தை மூடுவதாகக் கடலூரிலிருந்து கடிதம் வந்திருந்தது. மூடினால் ஞானசேகரன் பழையபடி குறிஞ்சிப்பாடியில் உதவியாளர். தற்காலிகப் பியூன் மணவாளனுக்கு அதுவும் கிடையாது.

'பொருள்கள் வைக்கக் கூடாது' என்று ஞானசேகரன் எழுதி ஒட்டினார். பைகள் அதை மறைத்தன. பலகையின் தலையில் 'சட்டப்படி' என்று சேர்க்கச் சொன்னார். "கவர்மெண்டே பொறுப்பாம்" என்று கூட்டம் இரட்டித்தது. பைகள் மாறி அடிதடியானதும் மணவாளன் டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார்.

கடைசியில், புகார் எழுதினால்தான் டோக்கன் என்றார் ஞானசேகரன். அறுபது மனுக்கள் சேர்ந்தன. அவற்றில் மூன்று, மருமகள்கள்மீது; மீதி, டோக்கன் தாமதம்மீது. எதுவும் வழக்காகத் தேறவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வடலூரிலிருந்து வந்திருந்த விருத்தாம்பாள் என்பவர் டோக்கனோடு வந்து நின்றார்.

"எஞ் செருப்பு எங்கப்பா? பாதுகாப்புன்னு எழுதி வச்சிட்டு இன்னா வேல பாக்குறீங்க?"

ஞானசேகரன் எழுந்து தம் நாற்காலியையே கொடுத்தார். "இத அப்படியே எழுதிக் குடுங்கம்மா."

"யார் மேல எழுதறது?"

"எங்க மேலதான்."

சேவைக் குறைபாடு. வழக்கு எண் ஒன்று. எதிர்மனுதாரர்: பொதுமக்கள் பாதுகாப்பு அலுவலகம். கடலூருக்கு ஃபேக்ஸ் போனது. அலுவலகம் சிறப்பாகச் செயல்படுவதால் மேலும் ஓராண்டு நீட்டிப்பு என்று மாலைக்குள் பதில் வந்தது.

ஞானசேகரனுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம்யா, இந்த வெயில்ல வெறுங்காலோட போனாங்க. எவன் எடுத்தானோ."

மணவாளன் டோக்கன்களை அடுக்கியபடியே சொன்னார்: "எங்க வூட்ல பத்திரமா இருக்கு சார். கேஸு முடியட்டும், குடுத்துடலாம்."