டிபன் நேரத்தில் ஓர் ஓட்டெடுப்பு

ஓட்டெடுக்காமல் தும்மக்கூடத் தெரியாத மனிதர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அவர் எண்பதுகளில் ஆம்பூர் ஷூ கம்பெனியில் எங்களோடு குப்பை கொட்டிய பேக்கிங் சூப்பர்வைசர்தான். பட்டப்பெயர் 'மெஜாரிட்டி'. டீயா காபியா, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, எல்லாவற்றுக்கும் நாங்கள் கை தூக்க வேண்டும். ஒருமுறை ஜெர்மனிக்குப் போக வேண்டிய பெட்டிகள் லாரியில் ஏறாமல் கிடந்தன. எதை முதலில் ஏற்றுவது என்பதில் ஓட்டு சமமாகிவிட்டதாம்! எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் இருந்த நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, நாற்பதை நெருங்கும்போது அவர் மனைவி ராணி உண்டானாள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி போட்டு, நீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். குழந்தைக்கு மூளை வளர்ச்சி குறைவாக இருக்கும். வைத்துக்கொள்வதா கலைப்பதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், நாள் அதிகமில்லை என்றார் டாக்டர்.

மறுநாள் டிபன் நேரத்தில் மனுஷன் நடு ஹாலில் நின்று ஓட்டுக் கேட்கிறார்!

"நம்ம காலத்துக்கு அப்புறம் யாரு பாத்துக்குவாங்க? வேணாம்" என்றார் கட்டிங் மாஸ்டர்.

"எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தை ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன், தோஸ்த்" என்றார் அக்கவுண்ட்ஸ் பஷீர் பாய்.

வரிசையாகப் பெண்களைப் பெற்ற டைப்பிஸ்ட், "மொதல்ல பையனா பொண்ணான்னு சொல்லு" என்றான்.

"சார், நீங்க இன்னா சொல்றீங்க?" என்று என் மேஜைக்கு வந்தார்.

"பேஜார் பண்ணாதய்யா. வேணாம்னு போட்டுக்கோ" என்றேன், தலையைத் தூக்காமல்.

"மெஜாரிட்டி, வேணாம்" என்று அறிவித்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் ராணி அவரை இழுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, உங்க ஒருத்தரத்தான் கேக்கச் சொன்னேன். அதுவும் வேணுமா வேணாமான்னு இல்ல. உங்க தங்கச்சி மாதிரி ஒரு புள்ள ஊட்ல இருந்தா எப்டி இருக்கும்னு. இவரு ஊரையே கேட்டுட்டு வந்துகிறாரு!"

"உங்ககிட்ட மட்டும் தனியா கேக்க வெக்கமா இருந்துச்சு சார்" என்று அவர் நெளிந்தார்.

என் தங்கை வசந்தா அப்படிப் பிறந்தவள். விருந்தாளி வந்தால் அவளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். இவர் ஒருமுறை சொல்லாமல் வந்து அவளைப் பார்த்துவிட்டார். நான் ஓட்டுப் போட்டது என் வெட்கத்துக்குத்தான். அவர்கள் குழந்தையை நான் நினைக்கவே இல்லை.

அன்று மாலையே இருவரையும் வீட்டுக்கு அழைத்துப் போனேன். வசந்தாவின் பாட்டு, சிரிப்பு, மூச்சுத்திணறல், அம்மா ஒரு கல்யாணத்துக்கும் போகாதது, அந்தக் கதவு, எல்லாவற்றையும் சொன்னேன். வசந்தாவின் கையைப் பிடித்தபடியே ராணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியாதுண்ணா" என்று கடைசியில் அழுதாள். கலைத்துவிட்டார்கள். அதைப் பற்றி வாய் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் அதன்பின் ஞாயிறு தவறாமல் இருவரும் வந்துவிடுவார்கள். ராணி வசந்தாவுக்குத் தலை வாருவாள். மெஜாரிட்டி பன்னை டீயில் தோய்த்து ஊட்டுகிறேன் என்று பாய், பாவாடை, என் பேப்பர் எல்லாவற்றையும் நாசம் செய்து என் உயிரை வாங்குவார். உள்ளறைக் கதவைச் சாத்த எனக்கு வழியே இல்லாமல் போயிற்று.

வசந்தா போய்ச் சேர்ந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வந்தார், கையில் பன்னோடு. பக்கத்தில் உட்கார்ந்து, பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.