டொக்கு டிங்கரும் என் காரின் தரையும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் டொக்கு டிங்கரின் சுத்தியலிடம் அடி வாங்காத இரும்புச் சாமான் அன்றைக்கு ஒன்றுகூடக் கிடையாது. டொக் டொக்கென்று தட்டுவார், காதைச் சாய்ப்பார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு துரு எவ்வளவு என்று சொல்வார். ஒருமுறை நின்றிருந்த பஸ்ஸைத் தட்டிவிட்டு, "சாலவாக்கம் தாண்டாது" என்றார். பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் அவரை ஏரிக்கரை வரை துரத்தினார். பஸ் என்னவோ செங்கல்பட்டுக்கு ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது.

எழுபதுகளின் கடைசியில், மாமனார் என் தலையில் கட்டிய பழைய கறுப்புக் காரை அவரிடம் விட்டேன். பின் சீட்டின் காலடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதை அடைத்தால் போதும் என்றேன். எனக்கு அவசரம். மனைவிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் கிடைக்காமல்தான் முதல் குழந்தையைப் பறிகொடுத்தோம். இன்னொன்றையும் இழக்க எங்களுக்குத் தெம்பில்லை.

டொக்கு தட்டிப் பார்த்தார்.

"ஓட்ட இல்ல சார் இது. தரையே பூட்ச்சி. பெயிண்டுதான் புட்ச்சிக்கினு கீது."

"சீக்கிரம் வேணும், மேஸ்திரி."

"அம்மா உள்ள குந்தசொல்லோ தரை கயண்டா இன்னா பண்ணுவ?"

மறுநாள் போனால் தரை மொத்தத்தையும் அறுத்து எடுத்திருந்தார். காருக்குள் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நான் வாங்கிப் போன தகரங்களையெல்லாம் தட்டித் தட்டித் திருப்பி அனுப்பினார். "இதுல ஆட்டுக்குட்டி நிக்கலாம். ஆளு குந்த முடியாது." எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சுத்தியலைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருப்பேன்.

நாள் இருக்கும்போதே ஒரு விடியற்காலையில் வலி கண்டுவிட்டது. பட்டறைக்கு ஓடினேன். "வூட்டுக்குப் போ சார். வண்டி வரும்" என்றார். நம்பிக்கையில்லாமல் ஊரெல்லாம் வேறு வண்டி தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி வந்தால், கார் வாசலில் நிற்கிறது, பக்கத்தில் டொக்கு. உள்ளே வெல்டிங் சூடு ஆறாத பச்சை நிறத் தரை. ஏது இந்தத் தகரம் என்று கேட்க எனக்கு ஏது நேரம்?

அவரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், என் மனைவியை அல்ல, தரையை. பெண் குழந்தை, இருவரும் நலம் என்று நான் ஓடிவந்து சொன்னபோது, "தரை எறங்கல இல்ல?" என்றார்.

சில மாதங்கள் கழித்து அவர் மகளுக்குக் கல்யாணம். சீருக்கு அவரே தம் கையால் செய்த பச்சை பீரோ. சம்பந்தியம்மா அதைத் திறந்தார். உள்ளே தட்டுகளுக்குப் பின்னால் சுவர் தெரிந்தது.

"இன்னாய்யா இது? பின்பக்கத் தகரம் எங்க?"

டொக்கு என் மனைவியின் மடியிலிருந்த குழந்தையைக் காட்டினார். "அதும்மேலதாம்மா இந்தப் பாப்பா ஆஸ்பத்திரிக்குப் போச்சி. பொடவைக்கு செவுரு போதும். புள்ளைக்குப் போதுமா?"

சம்பந்தியம்மா பீரோவை மெல்ல மூடினார். நேராக வந்து குழந்தையை வாங்கிக் கொண்டுபோய் மணப்பெண்ணின் மடியில் வைத்தார்.

பந்தியில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். டொக்கு வாளியோடு வந்து, "சாப்டு சார், சாம்பார் ஆறிடும்" என்றார். அந்த மனுஷன்மேல் எனக்கு வந்த பிரியம் வேறு யார்மேலும் வந்ததில்லை.